பாய் எதிரில் உட்கார்ந்தால்

போன வாரம் வேப்பூரிலிருந்து மலர் போன் செய்தாள். நெடுஞ்சாலை ஓரத்தில் எங்கள் ‘பீங்கான் தட்டு’ உணவகத்துக்குப் புதுக் கிளை திறந்து, கட்டிய வாழைமரம்கூட இன்னும் முழுதாக வாடவில்லை. அங்கே சமையல் பொறுப்பு அவளுடையது. குரலில் அழுகை முட்டிக்கொண்டு நின்றது.

“அக்கா, மொதலாளி பாய் இன்னிக்கு இங்க வந்தாரு. நேரா அடுப்பாங்கரைக்கு வந்து, ஒரு தட்டுல கம்பஞ்சோறும் கத்திரிக்கா கொழம்பும் போட்டுக்கினு, எனக்கு எதிர்ல உக்காந்து சாப்பிட்டாரு. ஒரு வார்த்த பேசல. கை கழுவிட்டுப் போயிட்டாரு. புடிச்சிருக்குதா புடிக்கலயான்னே தெரியலக்கா.”

“தட்டுல மிச்சம் வெச்சாரா?”

“இல்லக்கா. வழிச்சி சாப்பிட்டாரு.”

“அப்போ கொழம்புல ஏதோ தப்பு” என்றேன்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. போன தை மாதம் ஓய்வு பெற்றுவிட்ட எனக்கு, பேரப்பிள்ளைகளை அதட்டுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. மலருக்குப் போனில் சொன்னது பாதி. மீதியையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். அவளும் படிக்கட்டும், அவளோடு வேலை செய்கிற மற்றவர்களும் படிக்கட்டும். பாயைப் பார்த்து இனி யாரும் அழ வேண்டாம்.

என் பெயர் தனம். விருத்தாசலத்தில் பிறந்து, விருத்தாசலத்திலேயே வாக்கப்பட்டு, இந்த ஊர் வெயிலிலேயே வெந்தவள். கல்யாணமான புதிதில் ஒரு பீங்கான் தொழிற்கூடத்து கேன்டீனில் பாத்திரம் கழுவப் போனேன். பிறகு காய் நறுக்கினேன், பிறகு சோறு வடித்தேன், கடைசியில் அடுப்பையே என் கையில் கொடுத்துவிட்டார்கள். நாளெல்லாம் மண் தூசியிலும் சூளை வெக்கையிலும் நின்றுவிட்டு வருகிறவர்களுக்கு உப்பும் புளியும் எடுப்பாக இருந்தால்தான் சோறு இறங்கும். என் கையளவு அங்கே பழகியதுதான். கரண்டியை உள்ளங்கையில் கவிழ்த்து நக்கிப் பார்க்கிற பழக்கம் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. கொதிக்கிறபோது வருகிற வாசனையே எல்லாவற்றையும் சொல்லிவிடும். இதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. இல்லையென்று சொன்னால் என்னோடு வேலை பார்த்தவர்கள் சிரிப்பார்கள்.

அந்தத் தொழிற்கூடத்தை மூடியபோதுதான் நூருல்லா பாய் என்னைத் தேடி வந்தார். வளைகுடா நாட்டில் பெரிய ஓட்டல் சமையலறையில் காலமெல்லாம் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவர். பிரியாணிக் கடை போடப்போகிறார் என்று தெருவே பேசிக்கொண்டது. அவரோ, “இங்க வெளயறத இங்க செய்யற சட்டியில ஆக்கி, இங்க செய்யற தட்டுல போடணும்மா. அவ்ளோதான்” என்றார். கம்பு, கேழ்வரகு, மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை, முந்திரி, கருவாடு, ஆற்று மீன், எல்லாம் எங்கள் ஊர்ப் பீங்கான் தட்டில். வெறும் சோற்றுக் கடைக்கு இத்தனை வியாக்கியானமா என்று நினைத்துக்கொண்டேதான் வேலைக்குச் சேர்ந்தேன்.

முதல் வாரம். புளிக்குழம்பில் புளிப்பு தூக்கிவிட்டது. பாய் உள்ளே வந்தார், தட்டில் போட்டுக்கொண்டார், ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். பருக்கை விடாமல் சாப்பிட்டார். முதலாளிக்கு என் சமையல் எவ்வளவு பிடித்துவிட்டது பார் என்று பூரித்துப்போய், “இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா பாய்?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் இரண்டு கரண்டி ஊற்றியும் விட்டேன். அதையும் அமைதியாகச் சாப்பிட்டார். மாவு அரைத்துக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு குலுங்குவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விவரம் புரிந்தது.

அவர் வழக்கம் அது. கத்தமாட்டார், முகம் சுளிக்கமாட்டார், கொட்டச் சொல்லவும் மாட்டார். எந்தப் பண்டம் கெட்டதோ அதில் ஒரு தட்டு போட்டுக்கொண்டு, கெடுத்தவர் எதிரில் உட்கார்ந்து, கடைசிவரை தின்று முடிப்பார். கரித்தாலும் தின்பார், காந்தினாலும் தின்பார். பக்கத்தில் நிற்கிற நமக்குத்தான் ஒவ்வொரு கவளமும் தொண்டையில் மாட்டும். அதற்கு நாலு திட்டு திட்டிவிட்டுப் போகலாம் என்றிருக்கும். பண்டம் நன்றாக அமைந்த நாளில் அவர் நம் எதிரில் உட்காரவேமாட்டார். வெளியே வாடிக்கையாளர்களோடு சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். ஆகவே எங்கள் சமையலறையில் முதலாளி எட்டிப் பார்க்காத நாள்தான் நல்ல நாள்.

வெயில்காலச் சந்தை பிறகு வந்தது. கடைக்குப் பின்னால் ஒரு பெரிய முற்றம், நடுவில் புங்கமரம். பங்குனி கடைசியிலிருந்து வைகாசி வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த முற்றத்தைப் பாய் திறந்துவிட்டார். வேப்பூரிலிருந்து கம்பும் மல்லாட்டையும், நல்லூர் பக்கமிருந்து வெள்ளரிப்பிஞ்சும் பச்சை முந்திரிக்கொட்டையும், பெண்ணாடத்திலிருந்து வெல்லமும் வரும். நுங்கு வரும், பலா வரும். மஞ்சளும் சிவப்புமாக முந்திரிப்பழம் கூடை கூடையாக வந்து முற்றம் முழுக்க மணக்கும். ஒரு மூலையில் பீங்கான் பொம்மையும் கிண்ணமும் விற்பார்கள். அன்றைக்குச் சந்தைக்கு என்ன வருகிறதோ அதுதான் எங்கள் சமையல். சந்தை நாளில் சைவம் மட்டும்தான், அதனால் கோயில் தெருக் குடும்பங்களும் தயங்காமல் வந்து உட்கார்ந்தார்கள்.

அதுவரை எனக்கு எல்லாம் சம்மதம். சாயங்காலப் பந்தியில் பாட்டுக் கச்சேரி வைக்கப்போவதாகப் பாய் சொன்னபோதுதான் எனக்குச் சுருக்கென்றது.

“பாய், பாட்டு காதுல நொழஞ்சா நாக்கு தூங்கிடும். நான் ஒக்காந்து பார்த்துப் பார்த்து ஆக்கறேன். அவங்க என்னாத்த தின்றோம்னே தெரியாம தின்னுட்டு, பாட்டு நல்லா இருந்துச்சின்னு சொல்லிட்டுப் போவாங்க.”

“தூங்கட்டுமே தனம்மா. வாரத்துல ஒரு நாளுதானே” என்றார்.

பாட வந்தவர் வைதேகி டீச்சர். கோயில் தெரு, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், வீட்டைத் தவிர வேறெங்கும் வாய் திறந்து பாடியறியாதவர். டோலக் வாசித்தவன் சேகர். வேறொரு பீங்கான் கூடத்தில் அச்சுக்குள் மண்கரைசல் ஊற்றுகிற வேலை அவனுக்கு. முப்பது வயதிருக்கும், வாய் ஓயாது. சந்தையில் பொம்மைக் கடையும் அவன்தான் போடுவான். அவனுடைய மாமனார் எங்கள் கடைக்கு அன்றாடம் வருகிற வாடிக்கை. “ஊர்ல எல்லாரும் மருமவன் என்னா வேல செய்யறாருன்னு கேக்கறாங்க. தட்டற வேலன்னு சொல்லிக்கினு இருக்கேன்” என்று நாலு பேர் எதிரில் சொல்வார். சேகர் சிரித்து மழுப்புவான். அவனுக்கு வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

இப்போது பச்சை முந்திரிக்கு வருகிறேன். மலரே, இதைக் கவனமாகப் படி.

பச்சை முந்திரிக்கொட்டையின் தோலில் ஒரு பால் இருக்கிறது. கையில் பட்டால் முதலில் ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரம் போனதும் எரியும், பிறகு கொப்பளிக்கும், பிறகு தோல் கருத்து உரியும். ஆகவே உரிக்க உட்காருகிறவர்கள் முதலில் இரண்டு கைக்கும் விரல் இடுக்கு விடாமல் தேங்காயெண்ணெய் பூசி, அதன்மேல் சாம்பலைப் புரட்டிக்கொள்ள வேண்டும். கொட்டையை நீளவாக்கில் கீறி, கூர்சீவிய குச்சியால் பருப்பைத் தோண்டி மஞ்சள் தண்ணீரில் போட வேண்டும். பிறகு வெந்நீரில் அலசி மெல்லிய தோலை நீக்க வேண்டும். சின்ன வெங்காயம் வதக்கி, தேங்காயும் சோம்பும் பச்சை மிளகாயும் அரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டால் பருப்பு வெண்ணெய் மாதிரி வெந்து வரும். உப்பை மட்டும் இறக்குகிற நேரத்தில்தான் போடுவேன். முன்னாலேயே போட்டால் பருப்பு விறைத்துக்கொள்ளும்.

அந்த உப்பு இருந்த ஜாடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடுப்புக்கு வலது கைப்பக்கம் வரிசையாக ஐந்து பீங்கான் ஜாடிகள் வைத்திருந்தேன். மேலே பழுப்பு, கீழே வெள்ளை, எங்கள் ஊர்ச் சூளையில் வெந்தவை. கல்லுப்பு, புளி, மாவடு, நாரத்தங்காய், எலுமிச்சை. மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் ஈரக்காற்று போய் ஊறுகாய் பூசணம் பிடிக்கும். அதனால் தினமும் சாயங்காலம் அகப்பைக் காம்பால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பேன். நிறைந்த ஜாடி ‘தொம்’ என்னும், பாதி ‘டங்’ என்னும், தீர்ந்துபோனது ‘ணங்’ என்று கத்தும். ஜாடிகளை என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது. பாயே தொடமாட்டார்.

ஒரு சித்திரை மாதம், பாய் ஒரு சேதி கொண்டுவந்தார். புதுச்சேரியில் அவருக்குத் தெரிந்த ஒரு மெல்லிசைக் குழுத் தலைவர். குழுவில் டோலக் வாசித்தவர் வெளிநாடு போய்விட்டார், இடம் காலியாக இருக்கிறது. ஞாயிறு சாயங்காலம் சாப்பிட வருவார், சேகர் வாசிப்பதைக் கேட்பார், பிடித்தால் சேர்த்துக்கொள்வார். கல்யாணம், திருவிழா என்று ஆண்டு முழுக்க நிகழ்ச்சி இருக்கிற குழு. சேகருக்கு அந்த வாரம் முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. “அக்கா, இது மட்டும் அமைஞ்சிடுச்சின்னா, எங்க மாமனாரு என்னைப் பேரு சொல்லிக் கூப்புடுவாருக்கா” என்றான். அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

அந்த ஞாயிறு விடிந்ததே கோணல். முந்திரி உரிக்கிற அஞ்சலையும் அவள் நாத்தனாரும் வருகிற பஸ் வழியில் பஞ்சராகி நின்றுவிட்டது. நான் முற்றத்தில் வெள்ளரிப்பிஞ்சு பார்த்து எடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பி உள்ளே வந்தால், பொம்மைக் கடை போட விடியலிலேயே வந்த சேகர் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாதிச் சாக்கு கொட்டையை உரித்து முடித்திருக்கிறான். பக்கத்திலேயே எண்ணெய்க் கிண்ணம், தொடாமல் அப்படியே இருக்கிறது.

“எலேய், எண்ணெ தடவினியாடா?”

“இல்லக்கா. வாசிக்கிற அன்னிக்கு எண்ணெ தொடமாட்டேன். எவ்ளோ சோப்பு போட்டாலும் வெரல் இடுக்குல நின்னுக்கும். டோலக்குத் தோலுல பட்டா சத்தமே செத்துப் போயிடும். நீங்க ஆளில்லாம கஷ்டப்படுவீங்களேன்னுதான் ஒக்காந்தேன். மண்ணு, சூளைன்னு காய்ச்சிப் போன கைக்கா இது. என்னா ஆவப் போவுது?”

இவன் வாசிக்கிற நாளில் தலைக்குக்கூட எண்ணெய் வைக்காதவன். டோலக்குத் தோலைக் காப்பாற்றப் போய்த் தன் தோலை விட்டுவிட்டான். முந்திரிக் காட்டு ஊரில் பிறந்து வளர்ந்தவன் செய்கிற காரியமா? கையைப் பிடித்து இழுத்துத் தண்ணீரில் முக்கினேன், சோப்பு போட்டேன், வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். எல்லாம் காலம் கடந்த வைத்தியம்.

மதியப் பந்தி நடக்கும்போது விரல்கள் சிவந்தன. பந்தி முடிவதற்குள் வீங்கி, கொப்பளம் கட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் மருந்து தடவி, இரண்டு கைக்கும் மணிக்கட்டு வரை கட்டுப் போட்டு, புண் ஆறுகிற வரைக்கும் கையால் எதையும் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். திரும்பி வந்து சமையலறைப் படியில் இரண்டு பொட்டலத்தை மடியில் வைத்திருப்பவன் போல உட்கார்ந்தான்.

“பாய், அவர வரவேணாம்னு சொல்லிடுங்க.”

“பண்ருட்டி தாண்டிட்டாராம். சாப்பிடத்தானே வராரு, வரட்டும்” என்றார் பாய். அவர் குரலும் இறங்கித்தான் இருந்தது. வைதேகி டீச்சர் ஒரு ஓரமாக நின்று, “நா தாளமில்லாமலே பாடிடறேன் சேகர்” என்று மெல்லச் சொன்னார். அது எப்படி இருக்கும் என்று எங்கள் எல்லோருக்குமே தெரியும்.

எனக்குச் சாயங்காலப் பந்திக்கு இரண்டாவது அண்டா முந்திரிக் குழம்பு அடுப்பில் ஏறியிருந்தது. இதற்காக என் வேலை நிற்குமா? பழக்கப்படி அகப்பையை எடுத்து ஜாடிகளைத் தட்டிக்கொண்டே போனேன். தொம், டங், டங், தொம், ணங்.

“அக்கா, இன்னொரு வாட்டி தட்டுங்க” என்றான் சேகர்.

தட்டினேன்.

“அந்த உப்பு ஜாடிய மட்டும்.”

தட்டினேன். அவன் முகத்தில் ஏதோ ஓடியது. எழுந்து நின்றான்.

“அக்கா, இந்த அஞ்சு ஜாடியையும் குடுங்க. கட்டு மேலயே ரெண்டு அகப்பக் காம்ப வெச்சிக் கட்டிடுங்க. முனைல துணி சுத்திடுங்க. அடிக்கமாட்டேன், தட்டறேன் அவ்ளோதான்.”

“போடா. ஒடஞ்சா? ஒரு வருஷத்து மாவடு. கைய வெச்ச, நடக்கறதே வேற” என்றேன். மனசாரத்தான் சொன்னேன். இவன் கை போனது போதாதென்று என் ஜாடியும் போக வேண்டுமா?

அப்போது முற்றத்திலிருந்து அவன் மாமனார் குரல் கேட்டது. யாரிடமோ சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: “பெரிய ஆளு வரப்போறாருன்னு ஊரெல்லாம் சொன்னான். இப்ப கையில கட்டு போட்டுக்கினு ஒக்காந்திருக்கான் பாரு. தட்டற வேலைக்குக்கூடத் துப்பில்ல.”

சேகர் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. எல்லோரும் நான் அன்று பாசத்தில் ஜாடியைக் கொடுத்தேன் என்று சொல்கிறார்கள். பாசமெல்லாம் இல்லை, அந்த மனுஷன் மேல் வந்த கோபத்தில் கொடுத்தேன். உப்பு ஜாடியை நானே இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு, அந்த ஆள் கண்ணெதிரே நடந்து போய்ப் புங்கமரத்தடி பெஞ்சில் ‘தொம்’ என்று வைத்தேன். மற்ற நான்கையும் பெண்கள் தூக்கி வந்தார்கள். டீச்சர் தன் கைக்குட்டையைக் கிழித்துக் காம்பு முனையில் சுற்றினார். கட்டின் மேலேயே காம்பை வைத்து நான் இறுக்கிக் கட்டினேன். பிறகு அடுப்பு ஞாபகம் வந்து உள்ளே ஓடினேன். பருப்பு வெந்து மணத்துக்கொண்டிருந்தது. கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டு அண்டாவை இறக்கிப் பந்திக்கு அனுப்பினேன்.

புதுச்சேரிக்காரர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். கனத்த உடம்பு, கனத்த மோதிரம். ஜாடிகளைப் பார்த்ததும் பாயைப் பார்த்தார். பாய் அவர் தட்டில் சோறு போட்டார்.

டீச்சர் நாற்றங்கால் பாட்டு ஒன்றை எடுத்தார். சேகர் முதலில் உப்பு ஜாடியை மட்டும் தொட்டான். நிறைந்த வயிற்றுச் சத்தம், தொம், தொம் என்று நெஞ்சுக்குள்ளேயே விழுந்தது. பிறகு மாவடு பதில் சொன்னது, நாரத்தை குறுக்கே பேசியது, தீர்ந்துபோயிருந்த எலுமிச்சை ஜாடி ணங் ணங்கென்று கேலி செய்தது. ஒரு கட்டத்தில் டீச்சர் பாடுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார், சிரித்துக்கொண்டே மறுபடி பாடினார். வெள்ளரிப்பிஞ்சு விற்கிற அம்மாள் தராசைக் கீழே வைத்துவிட்டாள். நான் பாட்டு நடக்கும்போது சமையலறையை விட்டு வெளியே வந்ததே கிடையாது. அன்றைக்கு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கண்ணில் தண்ணீர் வந்தது. புகை என்று சொல்லிக்கொள்ள வழியில்லை, அடுப்பு அணைந்திருந்தது.

புதுச்சேரிக்காரர் இரண்டாம் தடவை குழம்பு வாங்கிச் சாப்பிட்டார். முடிந்ததும் கை கழுவினார், பாயிடம் ஏதோ சொன்னார், காரில் ஏறிப் போய்விட்டார். சேகரை ஒருமுறை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சேகர் அந்தக் கார் தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றான்.

சந்தை கலைந்ததும் நாங்கள் முற்றத்தில் சாப்பிட உட்கார்ந்தோம். சேகரின் மாமனாரும் போகாமல் ஒரு நாற்காலியில் இருந்தார். சேகரால் கையால் எடுத்துச் சாப்பிட முடியாது. நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சோறு பிசைந்தேன். அப்போது பாய் ஒரு தட்டில் சோறும் முந்திரிக் குழம்பும் போட்டுக்கொண்டு வந்து, எங்கள் எதிரில் உட்கார்ந்தார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே தெரியாதவர்கள் இல்லை. பாய் தலை நிமிராமல் கவளம் கவளமாகச் சாப்பிட்டார். சேகருக்குக் கண் நிரம்பிவிட்டது.

“தப்புதான் பாய். எண்ணெ தடவியிருக்கணும். நீங்க எனக்காக அவ்ளோ தூரத்துலருந்து வரவழைச்சீங்க. நா கெடுத்துட்டேன்.”

பாய் அடுத்த கவளத்தை எடுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. புண்பட்டுக் கிடக்கிறவன் முன்னால் இது என்ன வழக்கம்? “நீ தின்னுடா மொதல்ல” என்று ஒரு கவளத்தைச் சேகர் வாயில் திணித்தேன். மென்றான். மெல்லுவதை நிறுத்தினான். என்னைப் பார்த்தான்.

“அக்கா… உப்பு?”

நான் ஒரு வாய் போட்டுப் பார்த்தேன். மண்ணாங்கட்டி. ஒரு கல் உப்புகூட இல்லை. நிமிர்ந்து பார்த்தால், உப்பு ஜாடி புங்கமரத்தடி பெஞ்சில் பெரிய வித்வான் மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

பாய் தட்டை வழித்து முடித்துவிட்டு, அந்த வழக்கத்தில் முதல் முறையாக வாயைத் திறந்தார்.

“சேகரு, இது ஒனக்கில்லப்பா. தனம்மாவுக்கு. ஒனக்குச் சொல்ல வேண்டியது வேற இருக்குது. கை ஆறுற வரைக்கும் அந்த எடத்துக்கு வேற ஆளு வெக்கமாட்டேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. ‘ஊறுகா ஜாடியவே பேச வெக்கறான், டோலக்கு என்னா பாடு படப்போவுதோ’ன்னாரு.”

முற்றத்தில் எழுந்த கூச்சலில் புங்கமரத்துக் காக்கை எல்லாம் பறந்துவிட்டன. சேகர் கட்டுப் போட்ட கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவன் மாமனார் எழுந்து வந்து என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டார். “சேகரு, வாயத் தொற” என்றார். பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அன்றைக்கு அத்தனை பேர் தட்டிலும் ஒரு பருப்புகூட மீதமில்லை. சப்பென்று இருந்ததென்று ஒருவர் வாய் திறக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் விட்டுக்கொடுக்க முடியுமா?

“பாட்டு காதுல நொழஞ்சா நாக்கு தூங்கிடும்னு அன்னிக்கே சொன்னேனா இல்லையா பாய்?”

“சொன்னீங்க தனம்மா. நல்லாத்தான் தூங்குச்சி” என்றார்.

கை ஆறியதும் சேகர் அந்தக் குழுவில் சேர்ந்தான். இன்றும் அங்கேதான் இருக்கிறான். வெயில்காலத்தில் நிகழ்ச்சி இல்லாத ஞாயிறுகளில் எங்கள் முற்றத்துக்கு வந்துவிடுவான். வாசிக்கத் தொடங்குமுன் மைக்கில், “அக்கா, உப்பு போட்டாச்சா?” என்று கேட்பான். நான் உள்ளேயிருந்து, “போட்டாச்சுடா, நீ வேலையப் பாரு” என்று கத்துவேன். அதற்கே ஒரு கைதட்டல் விழும்.

தை மாதம் எனக்கு விடைகொடுக்கிற விருந்து வைத்தார்கள். மாலை போட்டு நாற்காலியில் உட்காரவைக்கப் பார்த்தார்கள். என் விருந்தை நான்தான் ஆக்குவேன் என்று பிடிவாதம் பிடித்து, கம்பஞ்சோறும் முருங்கைக்கீரையும் மல்லாட்டைக் குழம்பும் வைத்து, முற்றத்தில் மேசை போட்டுப் பரிமாறிவிட்டு உட்கார்ந்தேன். டீச்சர் பாடினார், சேகர் வாசித்தான். எனக்கு எதிரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. பாய் தட்டை ஏந்திக்கொண்டு நேராக என்னை நோக்கி வந்தார். கடைசி நாளிலுமா? உப்பு போட்டேனா? புளி கூடிவிட்டதா? மேசையில் எல்லோரும் கையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள்.

பாய் அந்தக் காலி நாற்காலியைத் தாண்டி, மேசையைச் சுற்றி வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கொஞ்சம் கொழம்பு ஊத்துங்க தனம்மா” என்றார்.